வருசம் பூராவும் உண்டு

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்கு இப்படி ஓரத்துல கெடச்சதே பெரிசு. பதினோரு நாளாச்சு நான் இப்படி ஒரு எடத்துல உக்காந்து. மெய்யாத்தான் சொல்லுதேன். சாப்பிடுறதே நின்னுக்கிட்டுத்தான். நீங்க எதுவரைக்கும்? செங்கோட்டையா? நல்லதாப் போச்சு. நான் இலஞ்சியில எறங்கணும். என் வீட்டுக்காரி அங்கன அவ அக்கா வீட்டுல இருக்கா. கூட்டிட்டு வரத்தான் போறேன்.

சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. அப்படிப் பாக்காதீங்க. இருபத்தேழு வருசத்துல அவள நான் கைநீட்டி ஒரு அடி அடிச்சதில்ல. கெட்ட வார்த்தை பேசுனதில்ல. வேற பழக்கமும் கெடையாது எனக்கு, வெத்தலை கூடப் போட மாட்டேன். அக்கா பேரனுக்குக் காதுகுத்து, ரெண்டு நாள்ல வந்துருதேன்னு சொல்லிட்டுப் போனா. இன்னையோட பதினோரு நாள். இதுதான் விசயம். நான் எல்லாத்தையும் சொல்லுதேன், நீங்க கேட்டுட்டு எம்மேல தப்பு இருந்தா செவுட்டுல ஒண்ணு விடுங்க, வாங்கிக்கிடுதேன்.

எம்பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டை, பெருமாள்புரம். ஒரு பஸ் கம்பெனி ஆபீஸ்ல இருபத்திரெண்டு வருசம் கணக்கெழுதுனேன். கொரோனா வந்துச்சுல்லா, மொதலாளி பஸ்ஸையெல்லாம் வித்துட்டு மவன் கூட மெட்ராஸுக்குப் போயிட்டாரு. நான் நடுத்தெருவுல நின்னேன். வீட்டுக் கடன் ஓடுது, மவ காலேஜுல கடைசி வருசம். வீட்டுக்காரி அப்ப பக்கத்துத் தெரு நர்சரி ஸ்கூல்ல டீச்சரு. ஆறாயிரம் சம்பளம். அத வச்சு என்ன செய்ய?

அவ பேரு குழல்வாய்மொழி. ஆமா, குத்தாலத்து அம்மன் பேருதான். குழலின்னு கூப்பிடுவோம். கைப்பக்குவம்னா அப்படி ஒரு கைப்பக்குவம். எதுத்த வீட்டுல ஒரு வயசான புருசன் பொண்டாட்டி, புள்ளைக அமெரிக்காவுல. லாக்டவுன்ல சமையக்காரி வரலன்னு அவுக தவிக்கத பாத்து இவ ஒரு நாள் சொதி வச்சுக் குடுத்தா. மறுநாள் அந்தப் பெரியவரு ஏனத்தக் கழுவி, உள்ள காசும் வச்சுத் திருப்பிக் குடுத்துட்டாரு. அவ திருப்பிக் குடுக்கப் போனா. நான் விடல. அன்னைக்குத்தான் எனக்கு ஒரு யோசனை உதிச்சுது. பெருமாள்புரம் பூரா இப்படி வயசானவுகதான அண்ணாச்சி? புள்ளைகள்லாம் வெளிநாடு. கையில காசு இருக்கு, வாய்க்கு ருசியா ஆக்கிப்போட ஆள் இல்ல.

ஆறு கேரியர்ல ஆரம்பிச்சோம். இன்னைக்கு அறுபது. காலைல டிபன், மத்தியானம் சாப்பாடு, ராத்திரி டிபன். செவ்வாக்கிழமை உளுந்தஞ்சோறும் எள்ளுத் தொவையலும். வெள்ளிக்கிழமை அவியல். சுத்த சைவம். நான்தான் எல்லாத்தையும் பாக்கது. போன எடுக்கது, வாட்சப் குரூப்புல மெனு போடுறது, வண்டியில கொண்டு போயி குடுக்கது, வசூல் பண்ணுதது. அவளுக்கு ஒரு தலவலி கெடையாது. சமையல் மட்டுந்தான்.

போர்டுக்கு என்ன பேரு போட்டேன்னு கேளுங்க. 'ஆவுடையப்பன் வீட்டுச் சாப்பாடு.' அவ பேரு நீளமா இருக்குல்லா, போர்டுல அடங்கல. அதுக்குக் கீழ சிவப்பு எழுத்துல, 'வருடம் 365 நாளும் உண்டு.' அத எழுதி மாட்டுன அன்னைக்கு அவ வெளிய வந்து நின்னு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. 'லீப் வருசத்துல ஒரு நாள் எனக்கு மிச்சம்'ன்னா. சிரிச்சிட்டேன். அவளுக்கு அப்படி ஒரு நையாண்டி உண்டு.

டீச்சர் வேலைய விடச் சொன்னது நாந்தான். ஆறாயிரத்துக்காகக் காலைல எட்டே காலுக்குப் பைய மாட்டிக்கிட்டு ஓடணுமா? பிள்ளைகளோட கத்தணுமா? இங்க பாரு, நீயே மொதலாளி, வீட்டு வாசலத் தாண்ட வேண்டாம்னேன். கடைசி நாள் அன்னைக்குப் பிள்ளைக எல்லாம் சேந்து ஒரு பேனா வாங்கிக் குடுத்திருக்கு, அத வச்சுக்கிட்டு அழுதா. பிள்ளைகள விட்டுப் பிரியுத வருத்தம். பொம்பளைகளுக்கு அது இருக்கத்தான செய்யும்.

இருங்க, போனு. ... வணக்கம்க்கா. ஆமா, ஆமா, இன்னைக்குத் தண்ணி வரலக்கா, அதாம் மோட்டார் ரிப்பேரு. நாளைக்கு உண்டு. கண்டிப்பா. வச்சிருதேன்.

என்ன சிரிக்கீங்க? லீவுன்னு சொன்னா அவ்வளவுதான் அண்ணாச்சி, இந்தத் தொழில்ல. ஒரு நாள் லீவு விட்டா வேற எடத்துல சாப்பிடுவாவ. அங்க நல்லா இருந்துட்டா? அடுத்த தெருவுல ரெண்டு பொம்பளைக சேந்து புதுசா ஆரம்பிச்சிருக்காவ, தெரியுமா? இந்தப் பதினோரு நாள்ல எனக்குப் பதினாலு வீடு போச்சு. பதினாலு! அதனாலதான் நானே கெளம்பிட்டேன். இன்னைக்கு ராத்திரி அவள வீட்டுல கொண்டு போய்ச் சேத்தாத்தான் மிச்சம் இருக்க வீடு நிக்கும்.

சரி, நான் எதச் சொல்ல வந்தேன்... ஆங், அந்த மூணு நாள்.

இத நான் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க வீட்டுல அந்தக் காலத்துலேருந்து ஒரு பழக்கம். பொம்பளைக வீட்டுக்குத் தூரமானா மூணு நாள் அடுப்படிப் பக்கம் வரக்கூடாது. எங்கம்மா அதுல ரொம்பக் கறாரு. பின்னால கெணத்துப் பக்கம் ஒரு சின்ன ரூமு உண்டு. குழலி மாசாமாசம் மூணு நாள் அங்கனதான். தனித் தட்டு, தனிப் பாயி. சமையல் எங்கம்மா. பள்ளிக்கூடம் போயிட்டு வந்தா அப்படியே பின் வாசல் வழியா அந்த ரூமுக்குப் போயிருவா. லைப்ரரியிலேருந்து நாலஞ்சு புஸ்தகத்த எடுத்து வச்சுக்கிட்டுப் படிப்பா. லீவு நாளா இருந்தா மத்தியானம் ரெண்டு மணிக்கு நல்லா அசந்து தூங்குவா, பாத்துக்கிடுங்க. நம்ம வீட்டுல வேற எந்தப் பொம்பள மத்தியானம் தூங்கியிருக்கா?

எனக்குச் சின்ன வயசுலேருந்தே இந்த மூடப்பழக்கம்னா ஆகாது. ஆனா அம்மாவ எதுத்துப் பேச தைரியம் இல்ல. தொழில் ஆரம்பிச்ச பொறவு மொத மாசமே இந்தப் பிரச்சனை வந்துச்சு. மூணு நாள் சமையல் கெடையாது. எங்கம்மாவுக்கு எழுபது வயசு, வீட்டுக்கு ஆக்குவா, அதுக்குள்ள கேரியர் இருபதாயிட்டு, அதுக்கு ஆக்க முடியுமா? ரெண்டு வீடு வேற எடத்துக்குப் போயிட்டு. அன்னைக்கு எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு கோவம். என்னய்யா இது, எந்தக் காலத்துல இருக்கோம்? ஒரு பொம்பளைய ரூமுல அடைச்சு வைக்கிறதா? அது ஒடம்போட இயற்கை, அதுல என்ன தீட்டு? நேரா பின்னால போனேன். அந்த ரூமு கதவத் தெறந்தேன். அவ பாயில படுத்து ஒரு தடிப் புஸ்தகம் படிச்சிட்டுருக்கா. கையப் புடிச்சு எழுப்புனேன். 'குழலி, இன்னைலேருந்து ஒனக்கு விடுதலை'ன்னேன்.

சொல்லும்போது இப்பவும் எனக்குப் புல்லரிக்குது அண்ணாச்சி.

அவ என்ன சொன்னா தெரியுமா? படிச்ச எடம் தவறிராம வெரல உள்ள வச்சுக்கிட்டு நிக்கா. 'இன்னும் முப்பது பக்கம் இருக்கு அத்தான், முடிச்சிட்டு வாரேன்'ங்கா. அடி கோட்டி! ஊருல எத்தனை பொம்பளைக இந்த விடுதலைக்கு ஏங்குதாளுக! நான் அவள அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி, எங்கம்மா கண்ணு முன்னாலயே கரண்டியக் கையில குடுத்தேன். எங்கம்மா தலையில தலையில அடிச்சுக்கிட்டா. அப்பத்தான் இவ மெதுவாப் பக்கத்துல வந்து சொல்லுதா, 'அந்த மூணு நாள மட்டும் எங்கிட்டேருந்து எடுத்துராதீங்க அத்தான்'னு.

பாத்தீங்களா? அடிமைத்தனம் எப்படி ரத்தத்துல ஊறிப்போயிருக்கு! ரூமுல அடைச்சு வச்சவ, தெறந்து விட்டாலும் வெளிய வரமாட்டேங்கா. எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

எங்கம்மா மறுநாளே பொட்டியக் கட்டி மதுரையில என் தம்பி வீட்டுக்குப் போயிட்டா. இன்னைய வரைக்கும் நம்ம வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கல. காய் நறுக்க, தேங்கா திருவ, கூடமாட இருந்த கை ஒண்ணு குறைஞ்சு போச்சு, அது வேற விசயம். ஆனா யோசிச்சுப் பாருங்க, யாருக்காக பெத்த தாயப் பகைச்சுக்கிட்டேன்? இவளுக்காகத்தான? அந்தப் பின் ரூமு கதவ நானே கழத்திட்டேன். இனி எந்தப் பொம்பளையும் அதுக்குள்ள அடைபடக் கூடாதுன்னு. இப்ப அங்கன அரிசி மூட்டையும் சிலிண்டரும் கெடக்கு.

எங்க நகர் நலச்சங்கத்துல மகளிர் தின விழாவுக்கு என்னயத்தான் பேசக் கூப்பிட்டாவ. 'தீட்டை உடைத்தோம்'னு தலைப்பு. முக்கா மணி நேரம் பேசுனேன். சால்வை போத்துனாவ. பொம்பளைகள்லாம் கை தட்டுதாளுக. குழலி வரல. விழாவுக்கு நூத்திருபது பேருக்கு சாம்பார் வடையும் கேசரியும் நம்மகிட்டதான் ஆர்டர். பாவம், அவ அன்னைக்குக் காலைல மூணு மணிக்கே எந்திரிச்சா. வயித்துவலி வேற. வீட்டுக்கு வந்து சால்வைய அவ தோளுல போத்துனேன். 'வேர்க்குது அத்தான்'னு எடுத்துக் கொடியில போட்டுட்டா.

அதுக்கப்புறந்தான் அவளுக்கு ஒரு மாதிரி ஆக ஆரம்பிச்சுது. என்னன்னா, பக்தி.

பி.எஸ்ஸி. படிச்சவ அண்ணாச்சி அவ. வெள்ளிக்கிழமை வெளக்கேத்துறதோட சரி, அதுக்கு மேல கோயில் குளம்னு அலைஞ்சதில்ல. திடீர்னு ஒரு நாள் பஞ்சாங்கம் வாங்கியாரச் சொன்னா. வாங்கிக் குடுத்தேன். அடுப்படியில மொளகாப்பொடி டப்பா பக்கத்துல வச்சுக்கிட்டு எந்நேரமும் அதப் பெரட்டிப் பெரட்டிப் பாக்கா. மொதல்ல பிரதோசம். 'சாயங்காலம் நாலரைலேருந்து ஆறு மணி வரைக்கும் கோயில்ல இருக்கணும்'ங்கா. நாலரைக்குத்தான் ராத்திரி டிபனுக்கு மாவு கரைக்கணும், சட்னி அரைக்கணும். நான் ஒண்ணும் மறுப்பு சொல்லல. நல்ல ஒரு நந்தி படம் வாங்கி, கண்ணாடி போட்டு, அடுப்புக்கு மேலயே மாட்டிக் குடுத்தேன். நின்ன எடத்துலேருந்தே கும்பிடலாம்.

அப்புறம் கிரகணம். கிரகணத்துல அடுப்பு பத்த வைக்கக் கூடாதாம், ஆறு மணி நேரம். நான் விடுவேனா? நெட்டுல தேடுனேன். அந்தக் கிரகணம் இந்தியாவுல தெரியாது! தென் அமெரிக்காவுலதான் தெரியும். போனக் கொண்டு போயிக் காட்டுனேன். அவ அதையே பாத்துக்கிட்டு நின்னா. 'தென் அமெரிக்காவுல இன்னைக்குச் சமைக்க மாட்டாங்களா?'ன்னு கேட்டா.

இது கூடப் பரவாயில்ல. போன வருசம் அம்பாசமுத்திரத்துல எங்க பெரியப்பா ஒருத்தரு தவறிட்டாரு. பங்காளி. பதினாறு நாள் தீட்டு. இவ காலைல போன் வந்த ஒடனே கேஸ ஆஃப் பண்ணிட்டா. மொகத்துல ஒரு... எப்படிச் சொல்ல, துக்க வீட்டு மொகம் மாதிரியே இல்ல அண்ணாச்சி. 'பதினாறு நாள் ஊருக்கு ஆக்கிப் போடக் கூடாதுல்லா அத்தான்?'ங்கா. பதினாறு நாளு! நான் உக்காந்துட்டேன். குரூப்புல அதுக்குள்ள யாரோ இரங்கல் செய்தி போட்டுட்டாவ, 'உங்க பெரியப்பாவாமே'ன்னு. என்ன செய்ய? அவரு எங்க ஊருக்காரருதான், சொந்தம் கெடையாது, பேரு மட்டும் ஒண்ணு போலன்னு எழுதிட்டேன். சின்னப்புள்ளையில என்னயத் தோள்ல தூக்கிட்டு ஆத்துக்குப் போவாரு அந்த மனுசன். காரியத்துக்குக் கூட நான் போகல, போனா தெரிஞ்சிரும்லா. அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு ஒண்ணேகாலுக்குத்தான் போச்சு, அதுக்கும் மூணு பேரு ஏசுனாவ.

இப்ப சொல்லுங்க, தொழிலுக்காக நான் எவ்வளவு விட்டுக் குடுத்திருக்கேன்! அவளும் ஒரு பதினாறு நாள விட்டுக் குடுத்தா என்னவாம்?

மவளா? மவளுக்குக் கல்யாணம் ஆயிட்டு. உமையாள். ஓசூர்ல இருக்கா. எல்லாம் இந்த அடுப்பு போட்ட காசுதான். போன ஆவணியில ஆண் கொழந்தை பொறந்துச்சு. நல்லா இருக்கான். இல்ல, பிரசவம் நம்ம வீட்டுல இல்ல. மொத பிரசவம் தாய் வீட்டுலதான், மொறை அதான், எனக்குத் தெரியாதா? ஆனா ஏழாம் மாசம் மவளே போன் பண்ணி, 'அம்மாவுக்கு நேரம் இருக்குமாப்பா?'ன்னு கேட்டா. நான் உள்ளதச் சொன்னேன். 'அறுபது கேரியரும்மா. நீ வந்தா ஒனக்குப் பத்தியச் சமையல், கொழந்தையக் குளிப்பாட்டணும், யாரு பாக்க?'ன்னு. 'சரிப்பா, அத்தை பாத்துக்கிடுதேன்னு சொல்லுதாங்க'ன்னா. புத்திசாலிப் புள்ள. கொழந்தையப் பாக்க ஒரு ஞாயித்துக்கிழமை காலைல போயிட்டு அன்னைக்கு ராத்திரியே திரும்பிட்டோம். திரும்பி வார வழியெல்லாம் குழலி ஜன்னல் கம்பியில தலையச் சாச்சுக்கிட்டே வந்தா. நான் அசதின்னு நெனச்சேன்.

அவளுக்கு நான் ஒண்ணும் செய்யாம இல்ல. போன கல்யாண நாளுக்கு டில்டிங் கிரைண்டர், பத்து லிட்டரு. எந்தப் புருசன் வாங்கிக் குடுப்பான்? ஆள் வச்சுக்கிடலாம்னு அவ கேட்டா. ஒரு பொம்பளைய வச்சோம், பத்து நாள். அந்தப் பொம்பள வச்ச ரசத்த ஒரு வீட்டுல அப்படியே திருப்பி அனுப்பிட்டாவ. அவுகளுக்கு வேண்டியது குழலி கையால வச்ச ரசம். அதாம் நிறுத்திட்டேன். கைப்பக்குவம்னு ஒண்ணு இருக்குல்லா, அத எப்படிச் சம்பளத்துக்கு வாங்க முடியும்?

ஆலங்குளம் தாண்டியாச்சா? காத்து நல்லா வருது.

இந்தப் பதினோரு நாளு நான் பட்ட பாடு இருக்கே, என் எதிரிக்கும் வரக்கூடாது. சமையலுக்கு ஒரு ஆளப் புடிச்சேன், ரெண்டாம் நாளே ஓடிட்டான். அப்புறம் நாந்தான். காலைல நாலு மணிக்கு எந்திரிக்கணும். இட்லி வெந்துட்டு இருக்கும்போதே சாம்பாருக்குக் காய். சாம்பார் கொதிக்கும்போதே மத்தியானத்துக்குக் கூட்டு. ஒரு வேளை முடிஞ்சு பாத்திரம் கழுவி நிமிந்தா அடுத்த வேளை நிக்கும். குளிக்கப் போனா போனு. கக்கூஸ்ல இருந்தாலும் போனு. வாசல்ல நின்னு நாலு பேரோட பேச முடியல, பேப்பர் படிக்க முடியல. இங்க பாருங்க கைய, எண்ண தெறிச்சு. நாலாம் நாள் மத்தியானம் அடுப்பு முன்னால நிக்கேன், திடீர்னு எங்கயாவது ஓடிரலாமான்னு இருந்துச்சு. சத்தியமாச் சொல்லுதேன், ஒரு மனுசன் இதுக்குள்ள எப்படி இருக்க முடியும்?

அவளா? அவளுக்கு அஞ்சு வருசமாப் பழகிப்போச்சுல்லா. பழகிட்டா தெரியாது.

தெனமும் போன் பண்ணுவேன். மொதல்ல மதினிதான் எடுப்பாங்க, அவ அக்கா. 'தூங்குதா'ம்பாங்க. காலைல பண்ணுனாலும் தூங்குதா. மத்தியானம் பண்ணுனாலும் தூங்குதா. சாயங்காலமும் தூங்குதா. நான் பயந்துட்டேன். ஒடம்புக்கு முடியலையோன்னு. 'ஒடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல, தூங்குதா'ங்காங்க. ஒரு மனுசி எத்தனை நாளு தூங்குவா?

நேத்துக் காலைலதான் அவளே போன எடுத்தா. கொரலு தெளிவா, சின்னப் புள்ள கொரலு மாதிரி இருந்துச்சு. 'எப்பட்டி வாரே?'ன்னேன். அவ ஒரே ஒரு விசயம் சொன்னா. 'வாரேன் அத்தான். ஆனா எனக்கு மாசம் மூணு நாள் வேணும். பழைய மாதிரி. அந்தப் பின் ரூமு, ஒரு பாயி, கதவு. யாரும் என்னயக் கூப்பிடக் கூடாது. சரின்னா இன்னைக்கே வாரேன். இல்லன்னா வரல.'

எனக்கு எப்படி இருந்திருக்கும்? வேற எத வேணும்னாலும் கேட்டிருக்கலாம். வளையல் கேட்டிருக்கலாம். புது மிக்சி கேட்டிருக்கலாம். போயும் போயும் நான் எத ஒழிக்கப் பெத்த தாயத் தொலைச்சேனோ அதக் கேக்கா. பொறுமையா எடுத்துச் சொன்னேன். இருபது நிமிசம். இந்தப் பழக்கம் எப்படி வந்துச்சு, பொம்பளைகள எப்படியெல்லாம் ஒதுக்கி வச்சாங்க, விஞ்ஞானம் என்ன சொல்லுது, நான் அன்னைக்கு மேடையில பேசுன அவ்வளவும் சொன்னேன். 'ஒன் ஒடம்புல நடக்குத ஒரு இயற்கை சமாச்சாரம், அதுக்காக நீ எதுக்கு ஒதுங்கி இருக்கணும்?'னேன். அவ ம்... ம்...ன்னு கேட்டா. பழைய டீச்சர்லா, பையன் ஒப்பிக்கத கேக்குத மாதிரி கேட்டா. நான் முடிச்சேன்.

அப்ப சொல்லுதா, 'அத்தான், எனக்கு அது நின்னு ஒண்ணரை வருசம் ஆச்சு.'

வச்சிட்டா.

இதக் கேட்டீங்களா அண்ணாச்சி! மொதல்ல எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. நின்னு போச்சுன்னா அப்புறம் எதுக்கு மூணு நாளு? இதுல ஏதாவது நியாயம் இருக்கா? அவ கட்சி அவ வாயாலயே விழுந்துட்டுல்லா? தூரமும் இல்ல, தீட்டும் இல்ல, எங்கம்மாவும் இல்ல. மாசம் முப்பது நாளும் அவ அடுப்படியில நிக்கதுக்கு இனி ஒரு தடையும் இல்ல. இத அங்க போயி மொகத்துக்கு நேரா எடுத்துச் சொன்னா அவளால பதில் சொல்ல முடியாது. அத நெனச்சுத்தான் தைரியமா பஸ் ஏறுனேன்.

ஒண்ணுதான் இடிக்குது.

ஒண்ணரை வருசம்ங்கா. ஒரே வீடு அண்ணாச்சி. இவ்வளவு பெரிய விசயம் அவ ஒடம்புல நடந்து முடிஞ்சிருக்கு. அதப் பத்தி மேடையில முக்கா மணி நேரம் பேசுனவன் நான். எனக்குத் தெரியல. அந்த நேரத்துல வேர்க்குமாம், படபடன்னு வருமாம், பொறவு போன் பண்ணுனப்ப மதினி சொன்னாங்க. வேர்க்கத்தான் செஞ்சுது அவளுக்கு. நான் அடுப்பு வெக்கைன்னு நெனச்சு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுனேன். நேத்து ராத்திரி பூரா ஒறக்கம் இல்ல. எனக்கே எம்மேல ஒரு மாதிரி வெக்கமா இருந்துச்சு.

சவத்த விடுங்க. அதெல்லாம் இப்ப யோசிச்சா ஆவுமா? நாளைக்குக் காலைல நாப்பத்தாறு வீட்டுக்கு இட்லி போவணும். வீட்டுக் கடன் இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு.

தென்காசி வந்துட்டா? அடுத்தாப்புல இலஞ்சிதான். அண்ணாச்சி, ஒரு சின்ன ஒத்தாச. கண்ணாடிய அவசரத்துல வச்சிட்டு வந்துட்டேன், எழுத்து தெரியல. குரூப்புல ஒரு மெசேஜ் போடணும். நீங்க அடிச்சுக் குடுங்க. 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு...' ஆமா, அப்படியே. 'குழலியம்மா ஊரிலிருந்து வந்துவிட்டார். நாளை காலை முதல் வழக்கம்போல் மூன்று வேளையும் உண்டு.' அவ்வளவுதான். அனுப்பிருங்க.

என்னது, வந்துட்டாங்களான்னு கேக்கீங்களா? வந்துருவா. நான் நேர்ல போறேன்லா. இல்ல, இன்னும் சரின்னு சொல்லலதான். சொல்லுவா. ஏன் அண்ணாச்சி அப்படியே வச்சுக்கிட்டு இருக்கீங்க? அந்த ஓரத்துல பச்சையா அம்பு இருக்கும் பாருங்க, அத ஒரு அமுக்கு அமுக்குனா போதும்.

அமுக்க மாட்டீங்களா?

சரி, குடுங்க போன. இதுக்கு என்ன கண்ணாடியா வேணும்? இந்தா, அமுக்கியாச்சு. ஏ கண்டக்டரய்யா, இலஞ்சி உண்டு, ஆள் எறங்கணும்!

பாத்தீங்களா, அதுக்குள்ள சத்தம் கேக்குது. கும்புடு போடுதாவ, கட்டை வெரல் போடுதாவ. எத்தனை இருக்கு, எண்ணிச் சொல்லுங்க. ஒன்பதா? இன்னும் வரும். நாப்பத்தாறு வீடு அண்ணாச்சி. இவ்வளவு பேரு காத்துக்கிட்டு இருக்கும்போது, இனி அவளால வரமாட்டேன்னு சொல்ல முடியாதுல்லா?